சந்தியில் தொங்கிய நாற்பத்தைந்து கோடி

படலைக்கு வெளியே படபடவென்று வெடித்தது.

குசினியில் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ரேச்சலின் தோளை அம்மா வினிபிரட்டின் கை பிடித்து அமுக்கியது. இரண்டு பேரும் தேங்காய்ப் பூவோடு நிலத்தில் குந்திவிட்டார்கள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் வினிபிரட்டின் கைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"அம்மா, உது வெடிக்கட்டு. எழும்புங்கோ. உங்கடை மோன் வந்திட்டான்."

"வாறவன் சத்தமில்லாமல் வரமாட்டானே," என்று முணுமுணுத்தபடி சேலையை உதறிய வினிபிரட், உதறி முடிக்கும் முன்பே வாசலுக்கு ஓடிவிட்டாள்.

புகைக்குள்ளிருந்து ஜெரிசன் வந்தான். இரவு பஸ்ஸின் கசங்கல் உடம்பெல்லாம் இருந்தது. கழுத்தில் செவ்வரத்தம் மாலை. நிலைக்குத் தலை குனியத் தேவையில்லாத உயரம். அவனுக்குப் பின்னால் அவனுடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் விளையாட்டுக் கழகத்துச் செயலாளர் நிருஷன். அவனுக்கும் பின்னால் ஏழெட்டுப் பெடியன்கள்.

"ஆண்டவரே, தோத்திரம்," என்று வினிபிரட் மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "காய்ஞ்சு போனாய்."

மாலைதீவில் ஒரு கழகத்துக்குப் பந்து விளையாடப் போன பிள்ளை. பதினொரு மாதத்துக்குப் பிறகு அக்காவின் எழுத்துக்கு வந்திருக்கிறான்.

திங்கட்கிழமை எழுத்து. மயிலிட்டிக் கனகரத்தினத்தின் மகன் கீர்த்திகனும் ரேச்சலும் பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைக்கிற நாள். தேவாலயமா, கோயிலா என்று இரண்டு வீடும் ஆறு மாதம் இழுபட்டு, அது பிறகு, முதலில் எழுத்து என்று போன கிழமைதான் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அந்த முடிவைக் கொண்டுவந்ததே கனகரத்தினம்தான்.

"சீதனம் எண்ட சொல்லை என்ரை படலைக்குள்ளை ஒருத்தரும் கொண்டு வரவேண்டாம்," என்று அத்தனை பேர் இருந்த சபையில் அவர் சொல்லியிருந்தார். "பிள்ளை வந்தால் காணும்."

புருஷன் எட்வேர்ட் காலமான பிறகு, அவரின் சைக்கிள் கடையை வாடகைக்கு விட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய வினிபிரட் அன்றைக்கு வீட்டுக்கு வந்து முழந்தாளில் இருந்தவள், எழும்ப வெகுநேரமானது.

அதனால் இந்தக் காலை நேரத்தில், மாலையும் புகையுமாய்த் தம்பி வந்து நிற்கையில், ரேச்சலுக்கு உலகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

தம்பியின் முகத்தில்தான் குறை தெரிந்தது.

"அக்கா," என்றான் மெல்லமாய். "சந்திப் பக்கம் போனனியோ?"

"இல்லை. ஏன்?"

"போகாதை."

நிருஷன் பெட்டியை இறக்கி வைத்தான். "என்ன அண்ணை உப்பிடிச் சொல்லுறீங்கள்? அக்கா பாக்கத்தானே வேணும். நேற்றுப் பின்னேரம் கட்டினது. பன்னிரண்டடி பனர். மழைக்கும் போகாது."

ரேச்சல் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே நடந்தாள்.

உடுவில் சந்தியில் அந்தப் பதாகை தொங்கியது. வழக்கமாகப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்த பிள்ளைகளின் படமும் பெறுபேறும் தொங்குகிற அதே இரண்டு கம்பங்களுக்கு நடுவில். ஜெரிசன் ஒரு காலைப் பந்தின்மேல் வைத்துச் சிரித்தான். பக்கத்தில் சிவப்பில் இரண்டு வரி.

எங்கள் மண்ணின் மைந்தனை வரவேற்கிறோம்.

மதிப்பிடப்பட்ட வருமானம்: ரூபா 45 கோடி.

ரேச்சல் இரண்டாவது வரியை இன்னொருக்கால் வாசித்தாள். பின்னால் மூச்சு வாங்க நிருஷன் வந்து நின்றான்.

"உதென்னடா?"

"அண்ணையைப் பற்றி இணையத்திலை ஒரு பக்கம் கிடக்கு அக்கா. உலகத்திலை பந்து விளையாடுற எல்லாற்றை விபரமும் அதிலை இருக்கு. வயது, உயரம், சம்பாதிச்ச காசு, எல்லாம். ஒண்டரை மில்லியன் டொலர் எண்டு போட்டிருந்தது. ரூபாய் ஆக்கினது மட்டும்தான் நாங்கள்."

"அதை ஏன்டா சந்தியிலை கட்டினனியள்?"

நிருஷனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "படிச்ச பிள்ளையளுக்கு றிசல்ற்றைப் போடுறம். அண்ணைக்கு என்னத்தைப் போடுறது? அண்ணை அடிச்சது மொத்தமாய் நாலு கோல். அதைப் போட்டால் வடிவில்லையே."

ஜெரிசனும் வந்து சேர்ந்திருந்தான். கழுத்தில் மாலை இன்னும் கிடந்தது.

"உது ஆரோ சும்மா எழுதினது எண்டு பஸ்ஸாலை இறங்கின நேரத்திலையிருந்து சொல்லுறன். உவன் கேக்கிறானில்லை."

"காசுள்ள ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே அண்ணை சொல்லுவினம்," என்றான் நிருஷன் மரியாதையாக.

அப்போதுதான் ரேச்சலின் கைத்தொலைபேசி அடித்தது. கீர்த்திகன்.

"உங்கடை சந்தியிலை ஒரு பனர் கட்டிக் கிடக்காம்," என்றான் எடுத்த எடுப்பில்.

"அதுக்கு முன்னாலைதான் நிக்கிறன்."

"அதின்ரை படம் இஞ்சை துறைமுகம் முழுக்கச் சுத்துது. காலமை எங்கடை மீன் கரைக்கு வந்தது. சுபாஸ்கரண்ணை ஏலம் கூற எடுத்தார். பாரைக் கூடையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, 'இது சீதனம் வேண்டாதவரின்ரை பாரை. நாப்பத்தைஞ்சு கோடி ஒருதரம், நாப்பத்தைஞ்சு கோடி ரெண்டுதரம்' எண்டார். முழுச் சனமும் சிரிச்சுது."

ரேச்சல் பதாகைக்கு முதுகைத் திருப்பினாள்.

"மாமா என்ன சொன்னவர்?"

"கோவிச்சுக் கத்தியிருந்தால் பறவாயில்லை. ஒண்டும் கதைக்கேல்லை. கூடையை வாங்கி வைச்சார். 'திங்கக்கிழமை எழுத்து வேண்டாம்' எண்டார். போய் வலைக்குள்ளை இருந்திட்டார்."

"நிப்பாட்டச் சொன்னவரோ, தள்ளிவைக்கச் சொன்னவரோ?"

மறுமுனையில் கடல் காற்றுக்குள் கீர்த்திகனின் குரல் இறங்கியது.

"எனக்கு விளங்கேல்லை ரேச்சல். கேக்கவும் பயமாக் கிடக்கு."

* * *

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை ஜெரிசன் ஓட்டினான். ரேச்சல் பின்னால். வினிபிரட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கேட்கிற நிலையிலும் அவள் இல்லை. வீட்டுத் தொலைபேசியில் ஒரு கலியாணத் தரகர் நின்றார்.

"மானிப்பாயிலை டொக்டர் பிள்ளையாம்," என்று வாயைப் பொத்திக்கொண்டு மகளிடம் சொன்னாள். "காலமையிலையிருந்து இது மூண்டாவது. எங்கடை பெடியனுக்கு எங்கையிருந்து இவ்வளவு மதிப்பு வந்ததெண்டு தெரியேல்லை."

தெல்லிப்பழை தாண்டியதும் வீதி வெறுமையாகியது. கூரை இல்லாத வீடுகளுக்குள்ளிருந்து ஆலமரங்கள் எட்டிப் பார்த்தன. புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய வீடுகளும் அவற்றுக்கு நடுவில் நின்றன.

"உண்மையைச் சொல்லு," என்று ரேச்சல் அவன் காதுக்குப் பக்கத்தில் கத்தினாள். "உன்னட்டை எவ்வளவு கிடக்கு?"

"அக்கா, விமான ரிக்கெற் விலை குறையட்டும் எண்டு ரெண்டு கிழமை பாத்துக்கொண்டிருந்தனான். அதிலையே விளங்கேல்லையே?"

"பேந்து ஏன் எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"அம்மா கேக்கிற நேரமெல்லாம் நல்லாய் இருக்கிறன் எண்டனான். நல்லாய்த்தான் இருக்கிறன். காசைப் பற்றி அவ கேக்கேல்லை, நான் சொல்லேல்லை."

அவனுடைய சட்டைப் பையில் தொலைபேசி துடித்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்துப் பார்த்தான். "பிறகு எடுக்கிறன்," என்று இரண்டு சொல் சொல்லி வைத்துவிட்டான். அந்த இரண்டு சொல்லையும் அவன் குழைவாய்ச் சொன்னது ரேச்சலுக்குப் புதிதாக இருந்தது. ஆனால் அவளுடைய மனம் முழுக்கக் கனகரத்தினம் இருந்தார்.

ஆறு மாதம் இரண்டு வீட்டுச் சண்டையையும் தாங்கிய கலியாணம். ஒரு பன்னிரண்டடிப் பதாகையில் போய்விடுமா?

* * *

மயிலிட்டித் துறைமுகத்தில் ஏலம் இன்னும் முடியவில்லை. பிந்தி வந்த வள்ளங்களின் மீனைச் சீமெந்துத் தரையில் குவித்திருந்தார்கள். சுபாஸ்கரனின் குரல் மதில் வரை கேட்டது. இவர்களைக் கண்டதும் அந்தக் குரல் நின்றது. சனம் திரும்பிப் பார்த்தது.

"கோடீஸ்வரர் வாறார். வழி விடுங்கோ," என்றது ஒரு வாய். சிரிப்பு எழும்பியது.

கனகரத்தினம் கரையோரம் வலைக்குவியலுக்கு நடுவில் இருந்து கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவரின் மனைவி தங்கமுத்து. கொஞ்சம் தள்ளி, எண்ணெய்க் கானுக்குமேல் கீர்த்திகன். முகம் சுருங்கிப்போய் இருந்தது.

"வா பிள்ளை," என்றார் கனகரத்தினம் தலை தூக்காமல். "தம்பியும் வந்திருக்கிறீர். சந்தோசம். இருங்கோ."

இருக்க இடமில்லை. இருவரும் நின்றார்கள்.

"மாமா, அந்தப் பனர் பிழை," என்றாள் ரேச்சல். "தம்பியட்டை அப்பிடிக் காசில்லை. வேணுமெண்டால் அவன்ரை ஒப்பந்தக் கடுதாசியைப் போனிலை காட்டுறம்."

"எனக்கு ஏன் காட்டுறாய்?" ஊசி நிற்கவில்லை. "எனக்குத் தெரியும் பிள்ளை. நாப்பத்தைஞ்சு கோடி வைச்சிருக்கிறவன்ரை தாய் வாடகைக் காசிலை சீவிக்க மாட்டா. அதை விளங்காத விசரனோ நான்?"

"அப்ப ஏன் எழுத்து வேண்டாமெண்டனீங்கள்?"

இப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார்.

"இருபத்தேழு வருஷம் ஊரை விட்டு அங்கையும் இஞ்சையும் கிடந்தனாங்கள். நிவாரண அரிசிக்கு வரிசையிலை நிண்டிருக்கிறன். மற்றவன்ரை வள்ளத்திலை கூலிக்குப் போயிருக்கிறன். அப்பவும் என்னை ஒருத்தரும் கள்ளன் எண்டு சொன்னதில்லை. சபையிலை வைச்சுச் சீதனம் வேண்டாமெண்டு வாய் நிறையச் சொன்னன். இப்ப சனம் என்ன சொல்லுது? கனகரத்தினம் கெட்டிக்காரன், பத்து லட்சம் சீதனத்தை விட்டுப்போட்டு மோன்ரை மச்சானின்ரை கோடியைப் பிடிச்சிட்டான் எண்டு. நாளைக்கு என்ரை மோன் ஒரு புது இஞ்சின் வாங்கினால், அது பந்துக் காசு எண்டு சொல்லும். ஒரு வீட்டுக்கு ஓடு மாத்தினால் அதுவும் பந்துக் காசு."

"அதுக்கு அதுகள் ரெண்டும் என்னப்பா செய்யிறது?" என்றாள் தங்கமுத்து.

"நீ பேசாமல் இரு. எனக்கும் இதிலை சந்தோசமில்லை."

கீர்த்திகன் எழும்பி வந்தான். "அப்பா, நான் உழைக்கிறன். சனம் என்ன சொன்னாலும் —"

"உனக்குச் சனம் தேவையில்லை. எனக்குத் தேவை. ஒவ்வொரு நாளும் அதுக்கு முன்னாலைதான் என்ரை மீனைக் கொண்டுபோய்க் கொட்டுறன்."

ரேச்சல் சனத்தைப் பார்த்தாள். சனம் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மீன் வாங்க வந்தவர்களும் வள்ளக்காரரும் கையில் பிளேன்ரீக் கோப்பையோடு நின்றார்கள். நடுவில் சுபாஸ்கரன், ஏலத்தை நிறுத்திவிட்டு.

கனகரத்தினத்திடம் போய்க் கெஞ்சலாம். இல்லாவிட்டால் அழலாம். இரண்டும் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. சைக்கிள் கடை எட்வேர்ட்டின் மகள் அவள். காற்று எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமென்றால், ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி எல்லாருக்கும் காட்ட வேண்டும்.

தன் தொலைபேசியில் அந்த இணையப் பக்கத்தைத் தேடித் திறந்துகொண்டு, நேரே நடந்து போய்ச் சுபாஸ்கரனிடம் நீட்டினாள்.

"அண்ணை, உங்கடை குரல்தான் பெரிசு. இந்தப் பக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ. தமிழிலைதான் கிடக்கு."

"எது?"

"தம்பியைப் பற்றின பக்கம். கோடி எழுதியிருக்கிற அதே பக்கம். ஒரு வரியை மட்டும் கூறினால் காணுமோ? முழுக்கக் கூறுங்கோ."

சுபாஸ்கரன் அவளை ஒருமுறை பார்த்தார். கேலி பண்ணுகிறவர்தான், ஆனால் ஏலம் கூறுகிறவர். கையில் வந்த சாமானைக் கூறாமல் விடமாட்டார். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி. கேளுங்கோ எல்லாரும். பெயர், ஜெரிசன். தொழில், உதைபந்தாட்ட வீரர்." குரல் ஏல ராகத்துக்கு ஏறியது. "உயரம், ஆறடி ரெண்டு அங்குலம்."

எல்லாத் தலையும் ஜெரிசன் பக்கம் திரும்பியது. பக்கத்தில் எழும்பி நின்ற கனகரத்தினத்தின் தோளுக்குத்தான் அவன் வந்தான்.

"மிச்சம் மண்ணுக்குள்ளையோ தம்பி?" என்றார் ஒரு வள்ளக்காரர்.

"சப்பாத்தோடை அளந்திருப்பினம்," என்றான் ஜெரிசன்.

சுபாஸ்கரனின் மீசை துடித்தது. வாசித்தார். "விளையாடுமிடம், கோல் காப்பாளர்."

"நான் இடது பக்கம் பின்னுக்கு நிக்கிறவன் அண்ணை. பந்தைக் கையாலை தொட்டால் விசில் ஊதுவாங்கள்."

"பிறந்த இடம்," என்று தொடங்கிய சுபாஸ்கரன் நின்றார். கண்ணாடியைச் சரி பண்ணினார். "பிறந்த இடம், மாலைதீவிலை உள்ள உடுவில் தீவு."

அதற்குப் பிறகு சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"உடுவிலிலை கடல் வந்திட்டுதாம். வள்ளத்தை அங்கை கட்டுவம்."

"அங்கத்தைப் பொயிலைத் தோட்டமெல்லாம் இப்ப சூடை மீன்தான் விளையுமாம்."

தங்கமுத்து சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கீர்த்திகன் எண்ணெய்க் கானில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"பொறுங்கோ, பொறுங்கோ. தகப்பன்," என்றார் சுபாஸ்கரன். "தகப்பன், பிரபல தொழிலதிபர்."

ரேச்சலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெரிசனும் கீழே பார்த்தான்.

"தொழிலதிபரோ?"

கேட்டது கனகரத்தினம். குரல் மாறியிருந்தது. வலையைத் தாண்டிச் சனத்துக்குள் வந்தார்.

"சைக்கிள் கடை எட்வேர்ட்டோ தொழிலதிபர்? எடேய், முகாமிலை இருந்த காலத்திலை சைக்கிளிலை பெட்டி கட்டி ஊர் ஊராய் மீன் வித்தனான். என்ரை பின்ரியூப்பிலை ரப்பர் குறைவு, அந்த மனிசன் போட்ட ஒட்டுத்தான் கூட. புது ரியூப் வாங்கச் சொல்லி ஒருநாளும் சொன்னதில்லை. இன்னும் ஒரு ஒட்டுத் தாங்கும் எண்டுதான் சொல்லுவார்." திரும்பிச் சனத்தைப் பார்த்தார். "அந்த மனிசனைத் தெரிஞ்சவன் இஞ்சை ஒருத்தனும் இல்லையோ?"

"தெரியும்," என்றார் பிளேன்ரீயோடு நின்ற ஒரு கிழவர். "எனக்கும் போட்டிருக்கிறார்."

"பேந்தென்ன கோடி?"

சுபாஸ்கரன் தொண்டையைச் செருமினார். தப்பிப்பது போல அடுத்த வரிக்குப் போனார்.

"மண நி —"

ஜெரிசனின் கை நீண்டு தொலைபேசியை எடுத்துக்கொண்டது.

"காணும் அண்ணை. மிச்சமும் உப்பிடித்தான்."

"அப்ப சரி," என்றார் சுபாஸ்கரன். பிழை விட்டுவிட்டோம் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அதை ஏலக்காரனாகத்தான் அவருக்குச் சொல்லத் தெரியும். கையைத் தூக்கினார். "காலமை பிழையான விலை கூறிப்போட்டன். அந்த ஏலம் செல்லாது. தம்பி, நீரே சொல்லும். மாசம் எவ்வளவு?"

ஜெரிசன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"எண்ணூறு டொலர்."

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் ஒருதரம்."

"ஏஜென்ற் பத்திலை ஒண்டு எடுப்பார்."

"ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம்."

"ஏழு மாசம்தான் போட்டி. மற்ற மாசத்துக்குச் சம்பளமில்லை."

"மற்ற மாசம் என்ன செய்வீர்?" என்றது ஒரு குரல்.

"ஓடுறனான். ஓடாட்டில் அடுத்த வருஷம் எடுக்க மாட்டாங்கள்."

"சம்பளமில்லாமல் ஓட்டம்," என்று கூறினார் சுபாஸ்கரன், பெருமூச்சோடு. "இன்னும் இறங்குதோ?"

"போன வருஷம் முழங்கால் ஒருக்கா வெட்டினது. ஒப்பரேசன் செலவிலை பாதி நான் கட்டினது."

"நாட்டுக்கு விளையாடினனீர்தானே? அதுக்குத் தருவினமே?"

"ஒரேயொரு போட்டி. கடைசி ஏழு நிமிஷம். பந்து என்ரை பக்கம் ரெண்டுதரம் வந்தது. காசை விடுங்கோ அண்ணை, அந்த உடுப்பை எடுத்து வைச்சிருக்கிறன்."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. வள்ளக்காரர் ஒருவர் கேட்டார், "இந்தக் காலோடை இன்னும் எத்தினை வருஷம்?"

"நாலு. நல்லாய்ப் பாத்தால் அஞ்சு."

"என்ரை இஞ்சினே பத்து வருஷம் போகுது," என்றார் அவர் கவலையோடு.

சுபாஸ்கரன் கையை இறக்கினார். "ஏறிற ஏலம்தான் இவ்வளவு காலமும் கூறினனான். இறங்கிற ஏலம் இண்டைக்குத்தான். ஆரும் கேக்கிறீங்களோ? ஒருதரம், ரெண்டுதரம்."

தங்கமுத்து சனத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெரிசனின் கையைப் பிடித்தாள்.

"மோனை, அங்கை நேரத்துக்குச் சாப்பிடுறனியோ?"

"ஓம் மாமி. நாங்கள் நாலு பேர் ஒரு அறையிலை. சமைக்கிற முறை எனக்கு வெள்ளிக்கிழமை."

கனகரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டினார். சனத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"திங்கக்கிழமை என்ரை மோனுக்கு எழுத்து," என்றார். "நான் சீதனம் வேண்டாமெண்டு சொன்னன். இப்ப இந்தத் தம்பியைப் பாத்தால், நாங்கள்தான் ஏதும் குடுக்கவேணும் போலை கிடக்கு. இதைப் பற்றிக் கதைக்கிறவை இருந்தால் இப்ப கதையுங்கோ. கதைக்காதவை திங்கக்கிழமை பலகாரத்துக்கு வாங்கோ."

"பலகாரம் எத்தினை வகை?" என்றார் சுபாஸ்கரன்.

"உனக்கு ஒண்டு. அதுவும் கூறித்தான் எடுக்கவேணும்."

ரேச்சல் அப்படியே வலைக்குவியலின்மேல் இருந்துவிட்டாள். கீர்த்திகன் வந்து பக்கத்தில் இருந்தான். ஒன்றும் பேசாமல், அவளுடைய பாவாடை விளிம்பில் ஒட்டியிருந்த மீன் செதிலை எடுத்து எறிந்தான். ஆறு மாதத்தில் அவன் செய்த காரியங்களில் அதுதான் பெரிது என்று அவளுக்குத் தோன்றியது.

புறப்படும்போது தங்கமுத்து ஒரு பையில் விளைமீன் கட்டிக் கொடுத்தாள். கனகரத்தினம் மோட்டார் சைக்கிள் வரைக்கும் வந்தார்.

"அந்தப் பனரைக் கழட்டினால் எறியவேண்டாம் பிள்ளை. நல்ல றெக்சீன் மாதிரித் தெரியுது. இஞ்சினுக்கு மூடலாம்."

* * *

பின்னேரம் நிருஷன் ஏணி வைத்து ஏறிப் பதாகையைக் கழற்றினான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அடுத்தமுறை கோலையே போடுறம் அண்ணை. நாலு எண்டாலும்."

"அஞ்சாவதை அடிச்சிட்டு வாறன். பொறு," என்றான் ஜெரிசன்.

வீட்டுக்குள் விளைமீன் கொதிக்கிற மணம். குசினியில் வினிபிரட் ஞானப்பாட்டுப் பாடினாள். கிழமைக் கணக்காக அந்த வீட்டில் பாட்டுக் கேட்டதில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, முதலில் மகளின் தலையில் கை வைத்துச் செபித்தாள். பிறகு மூன்று தரகருக்கும் தானே எடுத்து, "பெடியனிட்டை ஒண்டுமில்லையாம்" என்று சொன்னாள். இரண்டு பேர் உடனே வைத்துவிட்டார்கள். மானிப்பாய்த் தரகர் மட்டும், பறவாயில்லை, பிள்ளைக்கு விளையாட்டுக்காரரைப் பிடிக்கும் என்றாராம். அவரை நாளைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

"உன்ரை எழுத்து முடிய இவன்ரை அலுவலைப் பாப்பம்," என்றாள் பாட்டுக்கு நடுவில். "அதுக்குப் பிறகு எனக்கு ஒரு கவலையுமில்லை."

ரேச்சல் விறாந்தைக் கதிரையில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. படியில் ஜெரிசன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கிடந்த அவனுடைய தொலைபேசி துடித்தது. திருப்பி வைத்தான். மறுபடியும் துடித்தது.

"எடன்டா."

"பேந்து."

அவள் தன் தொலைபேசியைத் திறந்தாள். காலையில் பாதியில் நின்ற அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. பயம் போன பிறகு அதை வாசிப்பது ஒரு சுகமாக இருந்தது. சுபாஸ்கரன் வாசித்த இடத்திலிருந்து விரலால் கீழே தள்ளினாள்.

"மிச்சத்தையும் கேள்," என்றாள் சிரித்தபடி. "உனக்குப் பிடிச்ச சாப்பாடு பீட்சாவாம். நீ ஒரு கப்பல் வைச்சிருக்கிறியாம்."

ஜெரிசன் சிரித்தான்.

"இஞ்சை பார், இதுதான் பெரிய பகிடி. மண நிலை, திருமணமானவர். அம்மா கண்டாவெண்டால் இந்தப் பக்கத்தை எழுதினவனைத் தேடிப் போய் அடிப்பா."

குசினியில் பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது. ஜெரிசன் எண்ணெய்ப் போத்தலை மூடினான். மூடியை இன்னொருக்கால் இறுக்கினான். படியிலிருந்து எழும்பி, குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அந்தப் பக்கத்திலை பிழையில்லாமல் இருக்கிறது அந்த ஒரு வரிதான், அக்கா."